ஒரே பெயரில் இருவர்: உறுதியில் இருப்பது யாருடைய பெயர்?

கேள்வி:

மதிப்புக்குரிய ஐயா,

என் தகப்பனார் சென்ற ஆண்டு காலமானார். கொக்குவிலில் அவருக்கு நான்கு பரப்புக் காணி உண்டு. அதை விற்க முயன்றபோது, வாங்க வந்தவரின் சட்டத்தரணி, 1969ஆம் ஆண்டு உறுதியில், அதாவது காணிப் பத்திரத்தில், உள்ள பெயர் என் தகப்பனாருடையதுதான் என்பதற்கு ஆதாரம் கேட்டுவிட்டார். அப்பாவின் ஒன்றுவிட்ட அண்ணனுக்கும் அதே பெயர், அதே முதலெழுத்து, அதே ஊர். இருவருக்கும் அவர்களுடைய பாட்டனாரின் பெயரையே வைத்திருந்தார்கள். பெரியப்பாவும் இப்போது உயிரோடு இல்லை. அவருடைய பிள்ளைகள் கனடாவில் இருக்கிறார்கள்.

என்னுடைய ஆவணங்களும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. பிறப்புச் சான்றிதழில் என் பெயர் அப்பாவின் பெயரோடும், அடையாள அட்டையில் கணவரின் பெயரோடும் இருக்கிறது. கடவுச்சீட்டில் ஆங்கில எழுத்துகளும் வேறு. மூன்று வாரங்களுக்கு முன் எனக்கு மகன் பிறந்தான். அவனுக்கு அப்பாவின் பெயரை வைக்க விரும்புகிறேன். 'இந்தப் பெயரால் பட்டது போதாதா' என்று கணவர் வீட்டார் கேட்கிறார்கள். நான் என்ன செய்யலாம்?

வாசகி, வெள்ளவத்தை, கொழும்பு 06

பதில்:

அன்புள்ள சகோதரி,

தகப்பனாரை இழந்த துயரம் ஆறுமுன், கைக்குழந்தையோடு இருக்கும் நேரத்தில், அவர் யார் என்பதையே நிரூபிக்க வேண்டிய நிலை உங்களுக்கு வந்திருக்கிறது. அது எவ்வளவு வேதனையானது என்பது எனக்குப் புரிகிறது. ஆனால் அந்தச் சட்டத்தரணி மீது நீங்கள் மனவருத்தம் கொள்ள வேண்டாம். வாங்குபவர் சார்பில் நின்றால் நானும் இதே கேள்வியைத்தான் கேட்டிருப்பேன். ஒரு பெயர் தனித்து நின்று ஓர் ஆளையோ ஒரு காணியையோ அடையாளம் காட்டிவிடாது என்பதை எங்கள் காணிச் சட்டம் நெடுங்காலமாகவே அறிந்து வைத்திருக்கிறது. அதனால்தான் உறுதியொன்றில் பெயரைச் சுற்றிலும் அத்தனை விவரங்கள் எழுதப்படுகின்றன. உங்கள் சிக்கலுக்கான விடை பெரும்பாலும் அந்த 1969ஆம் ஆண்டு உறுதிக்குள்ளேயே இருக்கும். பெயரை மட்டும் பார்த்துவிட்டு மூடி வைத்ததால் அது கண்ணில் படாமல் போயிருக்கலாம்.

முதலில் இந்தக் குழப்பம் எங்கிருந்து வருகிறது என்பதைச் சொல்கிறேன், ஏனெனில் உங்கள் மகனின் பெயர் குறித்த முடிவுக்கும் அது உதவும். எங்கள் வழக்கில் தகப்பனின் பெயர் முன்னே வரும், தன் பெயர் பின்னே வரும். பாட்டனாரின் பெயரைப் பேரனுக்கு வைப்பதும் வழக்கம். ஆகவே ஒரு பாட்டனாரின் பிள்ளைகள் இருவர் தங்கள் மூத்த மகனுக்குத் தகப்பனின் பெயரை வைத்தால், ஒரே தலைமுறையில் ஒரே பெயரில் இருவர் வளர்வார்கள். அவர்களுடைய தகப்பன்மாரின் பெயர்கள் வேறாக இருப்பதால் முழுப்பெயர்கள் வேறுபட்டே இருக்கும். ஆனால் முழுப்பெயரை எழுதும் பொறுமை எல்லோருக்கும் இருப்பதில்லை. உதாரணத்துக்கு, ஒருவருடைய தகப்பனார் கந்தையா என்றும் மற்றவருடைய தகப்பனார் கனகசபை என்றும் வைத்துக்கொள்ளுங்கள். முதலெழுத்தாகச் சுருக்கியவுடன் இருவரும் 'க' ஆகிவிடுகிறார்கள். உங்கள் குடும்பத்தில் நடந்தது இதுவாகவே இருக்க வேண்டும். வேறுபாடு தொலைந்தது முதலெழுத்தைச் சுருக்கியதில்தான். பெயர் வைத்ததில் எந்தப் பிழையும் இல்லை.

பொதுவாழ்வில் எல்லோரும் அறிந்தவர்களிடமும் இதைக் காணலாம். 1944இல் அகில இலங்கைத் தமிழ்க் காங்கிரசை நிறுவிய ஜி. ஜி. பொன்னம்பலத்தின் முழுப்பெயர் கணபதிப்பிள்ளை காங்கேசர் பொன்னம்பலம். அவருடைய மகன் குமார் பொன்னம்பலத்தின் முழுப்பெயர் காசிநாதர் காங்கேசர் பொன்னம்பலம். ஆங்கில முதலெழுத்துகளில் எழுதினால் இருவரும் ஜி. ஜி. பொன்னம்பலமே. இருவரும் சட்டத்தரணிகள், இருவரும் அரசியலில் இருந்தவர்கள். தகப்பனார் 1977இல் காலமானார், மகன் 1938இல் பிறந்து 2000ஆம் ஆண்டில் கொல்லப்பட்டார் என்ற ஆண்டுக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டுதான் இடைப்பட்ட கால ஆவணமொன்றில் வரும் அந்தப் பெயர் எவருடையது என்று தீர்மானிக்க முடியும். கொழும்பில் இன்னோர் உதாரணமும் உண்டு. கொட்டாஞ்சேனைப் பக்கத்தில் வீதிப் பெயராக இருப்பவர் 1937இல் கொழும்பின் முதலாவது மேயரான இரத்தினசோதி சரவணமுத்து. தமிழ் யூனியன் கழகத்தின் கிரிக்கெட் மைதானம் தாங்கி நிற்பது அவருடைய சகோதரர் பைக்கியசோதி சரவணமுத்துவின் பெயரை. 1982இல் இலங்கை தன் முதலாவது டெஸ்ட் போட்டியை ஆடிய மைதானம் அது. 'சரவணமுத்து' என்ற கடைசிப் பெயரை மட்டும் கேட்டுவிட்டு இருவரையும் ஒருவராக்கிப் பேசுவோரை நான் கண்டிருக்கிறேன்.

இனி உங்கள் உறுதிக்கு வருவோம். உங்களிடம் இருப்பது மூல உறுதியா, பிரதியா என்று நீங்கள் எழுதவில்லை. எதுவாக இருந்தாலும் அதை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை ஒருவரை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். இலங்கையில் 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, காணி கைமாறும் உறுதி, உறுதிகளை எழுதி அத்தாட்சிப்படுத்தும் அதிகாரம் பெற்ற நொத்தாரிசு ஒருவர் முன்னிலையிலும் இரண்டு சாட்சிகள் முன்னிலையிலும் கைச்சாத்திடப்பட வேண்டும். கைச்சாத்திடுபவரைத் தனக்குத் தெரியும் என்றோ, தனக்குத் தெரியாவிட்டால் சாட்சிகளுக்குத் தெரியும் என்றோ நொத்தாரிசு உறுதியின் முடிவில் அத்தாட்சி எழுதுவார். சாட்சிகளின் பெயரும் வதிவிடமும் அங்கே இருக்கும். அந்த இரு சாட்சிகள் யார் என்று உங்கள் குடும்பத்து மூத்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள். அவர்கள் உங்கள் பாட்டனாரின் நண்பர்களா, பெரியப்பாவின் தகப்பனாரின் வீட்டோடு பழகியவர்களா என்பதே பெரிய துப்பாக அமையும்.

அதைவிட முக்கியமானது, காணி எவரிடமிருந்து எந்த வகையில் வந்தது என்று உறுதியின் உடலில் எழுதப்பட்டிருக்கும் பகுதி. அது நன்கொடை உறுதியாக இருந்தால் 'எனது மகன் இன்னாருக்கு' என்றே எழுதப்பட்டிருக்கும். கொடுத்தவரின் பெயர் உங்கள் பாட்டனாருடையதாக இருந்தால் வாதம் அத்தோடு ஏறக்குறைய முடிந்துவிடும். விலை உறுதியாக இருந்தால், வாங்கியவரின் பெயருக்குப் பின் அவருடைய வதிவிடமும், சில வேளைகளில் தொழிலும் இருக்கும். 1969இல் உங்கள் தகப்பனார் எங்கே இருந்தார், என்ன வேலை பார்த்தார், பெரியப்பா எங்கே இருந்தார் என்பதை அதோடு ஒப்பிட வேண்டும். அந்த ஆண்டுகளில் ஒருவர் கொழும்பில் அரச உத்தியோகத்திலும் மற்றவர் ஊரிலும் இருந்திருந்தால், அந்த ஒரு சொல்லே இருவரையும் பிரித்துவிடும்.

அடுத்தது கையெழுத்து. உங்கள் தகப்பனாரின் விவாகப் பதிவில் அவருடைய கையெழுத்தும், அவருடைய தகப்பனாரின் முழுப்பெயரும் இருக்கும். உறுதியில் அவர் கைச்சாத்திட்டிருந்தால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். விலை உறுதியில் பொதுவாக விற்பவர்தான் கைச்சாத்திடுவார், வாங்குபவரின் கையெழுத்து இராமலும் போகலாம். நன்கொடை உறுதியில் ஏற்றுக்கொண்டவரின் கையெழுத்து இருக்கும். விவாகச் சான்றிதழின் பிரதியைக் கட்டாயம் எடுங்கள். பாட்டனாரின் பெயர், தகப்பனாரின் பெயர், வயது, தொழில், வதிவிடம் ஆகிய அனைத்தையும் அரச பதிவொன்றில் ஒரே இடத்தில் வைத்திருப்பது அது. பிறப்புச் சான்றிதழ், பாடசாலை விடுகைப் பத்திரம், ஓய்வூதியக் கோவை, பழைய வாக்காளர் இடாப்புகள் ஆகியவை அதற்குத் துணை நிற்கும். வாக்காளர் இடாப்பைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அது வீட்டு வாரியாக எழுதப்படுவதால், ஒரே பெயருடைய இருவர் ஒரே ஊரில் இருந்தாலும் எவர் எந்த வீட்டில் எவரோடு இருந்தார் என்பதைக் காட்டும்.

தேசிய அடையாள அட்டை இலக்கம் உறுதியில் இல்லையே என்று நீங்கள் கவலைப்படக் கூடும். 1968ஆம் ஆண்டின் 32ஆம் இலக்க ஆட்பதிவுச் சட்டத்தின் கீழ் அடையாள அட்டை வழங்கத் தொடங்கியது 1972இல்தான். 1969ஆம் ஆண்டு உறுதியில் அதை எதிர்பார்க்கவே முடியாது. ஆனால் தகப்பனார் அந்தக் காணியை வைத்துப் பிற்பாடு ஏதாவது செய்திருந்தால், அதாவது ஈடு வைத்திருந்தால், குத்தகைக்குக் கொடுத்திருந்தால், ஒரு பங்கை விற்றிருந்தால், அந்த ஆவணத்தில் இலக்கம் இருக்க வாய்ப்புண்டு. பழைய அட்டையில் ஒன்பது இலக்கங்களும் ஓர் ஆங்கில எழுத்தும் இருந்தன. முதல் இரண்டு இலக்கங்கள் பிறந்த ஆண்டைக் குறிக்கும். அடுத்த மூன்று, அந்த ஆண்டின் எத்தனையாவது நாளில் பிறந்தார் என்பதைக் குறிக்கும். பெண்களுக்கு அந்த நாள் எண்ணோடு 500 கூட்டப்படும். 2016 முதல் வழங்கப்படும் 12 இலக்க எண்ணில் பிறந்த ஆண்டு நான்கு இலக்கங்களாக வருகிறது. பெரியப்பா உங்கள் தகப்பனாருக்கு மூத்தவர் என்கிறீர்கள். ஆகவே பெயர் எவ்வளவு பொருந்தினாலும் இந்த எண் ஒருபோதும் பொருந்தாது. இருவருடைய அட்டைகளின் பிரதியும் கிடைத்தால் ஒரே கோவையில் சேர்த்து வையுங்கள்.

ஆளைப் போலவே காணியும் பெயரால் மயக்கும். யாழ்ப்பாணத்து உறுதிகளில் ஒவ்வொரு காணிக்கும் ஒரு பெயர் இருப்பதை அறிவீர்கள். வளவு, தோட்டம், புலம், பனங்காணி என்று முடியும் அந்தப் பெயர்கள் ஒரே ஊரில் பல காணிகளுக்கு இருக்கும், ஏனெனில் அவை ஒரு காலத்தில் ஒரே பெருங்காணியாக இருந்து, பிள்ளைகளுக்குப் பங்கிடப்பட்டுத் துண்டுகளானவை. உங்கள் குடும்பத்தில் இந்த ஆபத்து இன்னும் கூடுதல். தகப்பனாரும் பெரியப்பாவும் ஒரே பாட்டனாரின் பேரப்பிள்ளைகள் என்பதால், ஒரே பெயருள்ள காணியின் இரண்டு துண்டுகள் ஒரே பெயருள்ள இருவருக்கு வந்திருக்கக் கூடும். அப்படியானால் ஆளின் பெயராலும் காணியின் பெயராலும் எதையும் தீர்க்க முடியாது. விஸ்தீரணத்தையும் நான்கு எல்லைகளையும்தான் பார்க்க வேண்டும். ஆனால் எல்லைகளும் 'கிழக்கு இன்னாரின் காணி' என்று அயலவரின் பெயராலேயே எழுதப்பட்டிருக்கும்; அந்த அயலவர் பெரியப்பாவாகவே இருந்தால் உறுதி தன் சொந்தக்காரரின் பெயரையே எல்லையாகவும் சொல்லும். இதை வைத்தே சில வேளை வழக்கு வெல்லலாம்: கிழக்கு எல்லைக்காரரின் பெயரும் சொந்தக்காரரின் பெயரும் ஒன்றாக இருந்தால், அந்த ஊரில் அந்தப் பெயரில் இருவர் இருந்தார்கள் என்பதை உறுதியே ஒப்புக்கொள்கிறது.

இந்தக் காணியை உரிமம் பெற்ற நில அளவையாளர் ஒருவரைக் கொண்டு இப்போதே அளந்து வரைபடம் எடுத்துவிடுங்கள். பழைய வரைபடம் இருந்தால் அதன் மேல் புதியதைப் பொருத்திக் காட்டச் சொல்லுங்கள். நான்கு பரப்பு என்பது 40 பேர்ச்சஸ், அதாவது ஓர் ஏக்கரில் நாலிலொன்று. அளவில் குறைவு கூடுதல் இருந்தால் அதுவும் அப்போது தெரியவரும்.

இங்கே இன்னொரு விடயத்தையும் சொல்ல வேண்டும், ஏனெனில் அனுபவமுள்ளவர்களும் இதில் தடுமாறுகிறார்கள். 'உறுதி இலக்கம் 245' என்று சொன்னால் அது ஓர் உறுதியைக் குறிக்காது. ஒவ்வொரு நொத்தாரிசும் தான் எழுதும் உறுதிகளுக்கு ஒன்றிலிருந்து இலக்கமிட்டுக்கொண்டு போவதால், நாட்டில் எத்தனை நொத்தாரிசுகள் அந்த அளவுக்கு எழுதினார்களோ அத்தனை 245ஆம் இலக்க உறுதிகள் உண்டு. இலக்கம், திகதி, நொத்தாரிசின் பெயர் ஆகிய மூன்றும் சேர்ந்தால்தான் அது ஓர் உறுதி. நில அளவையாளரின் வரைபட இலக்கமும் அப்படியே, நீதிமன்ற வழக்கிலக்கமும் அப்படியே. நீங்கள் விண்ணப்பம் எதையாவது எழுதும்போது இவற்றைச் சுருக்கி எழுதிவிடாதீர்கள்.

நொத்தாரிசு எழுதிய உறுதியில் ஒரு பிரதி காணிப் பதிவகத்துக்குப் போயிருக்கும். 1927ஆம் ஆண்டின் 23ஆம் இலக்க ஆவணங்கள் பதிவுக் கட்டளைச் சட்டத்தின் கீழ் பதிவகம் வைத்திருக்கும் பதிவேட்டில் பக்கங்கள் காணிக்குக் காணி ஒதுக்கப்பட்டுள்ளன. ஆளுக்கு ஆள் ஒதுக்கப்படவில்லை. உங்களுக்கு இது பெரிய அனுகூலம். யாழ்ப்பாணக் காணிப் பதிவகத்தில் அந்தக் காணிக்குரிய பக்கத்தைத் தேடி, முதற் பதிவிலிருந்து இன்று வரை நடந்த எல்லாவற்றுக்கும் பிரதி எடுங்கள். 1969க்குப் பின் அந்தப் பெயரில் எவரேனும் ஒருவர் அக்காணியை எழுதிக் கொடுத்திருந்தால் அது அங்கே தெரியும். எதுவும் இல்லையென்றால், உங்கள் தகப்பனாரின் உரித்து பதிவேட்டில் தடையின்றி நிற்கிறது என்று பொருள். பெரியப்பாவின் பிள்ளைகள் தவறுதலாகவோ வேண்டுமென்றோ அதை எழுதிக் கொடுத்திருந்தாலும், தன்னிடம் இல்லாத உரித்தை எவரும் மற்றவருக்கு மாற்ற முடியாது என்பது எங்கள் சட்டத்தின் அடிப்படை. ஆனால் அதை நீதிமன்றத்தில் நிலைநாட்ட ஆண்டுகள் செல்லும். அதனால் தேடலோடு நிற்காமல், கேவியட் எனப்படும் எச்சரிக்கை அறிவித்தல் ஒன்றையும் பதிவகத்தில் பதிந்து வைப்பது நல்லது. அக்காணியைப் பாதிக்கும் ஆவணம் எதுவும் பதிவுக்கு வந்தால் உங்களுக்குத் தெரியவரும்.

இவை அனைத்துக்கும் மேலாக நான் நம்புவது கனடாவில் இருக்கும் உங்கள் பெரியப்பாவின் பிள்ளைகளை. அவர்களோடு பேசுங்கள். 1969ஆம் ஆண்டு இன்ன இலக்க உறுதியில் குறிப்பிடப்பட்டவர் தங்கள் தகப்பனார் அல்லர், அக்காணியில் தங்களுக்கு எவ்வித உரித்தும் இல்லை என்று அவர்கள் ஒரு சத்தியக்கடதாசி, அதாவது சத்தியம் செய்து கைச்சாத்திட்ட எழுத்து வாக்குமூலம், தந்தால், வாங்குபவரின் சட்டத்தரணிக்கு அதைவிட நிறைவான பதில் வேறில்லை. அங்குள்ள இலங்கை உயர் ஸ்தானிகராலயத்தில் அதைக் கைச்சாத்திட்டு அனுப்பலாம். அவர்களுடைய தகப்பனாரின் பிறப்பு, இறப்புச் சான்றிதழ்களின் பிரதிகளையும் சேர்த்துக் கேளுங்கள். கேட்பதற்குத் தயங்குவீர்கள் என்று தெரியும். காணி என்றவுடன் உறவுக்குள் சந்தேகம் முளைத்துவிடுமோ என்ற பயம் எல்லோருக்கும் உண்டு. ஆனால் அவர்களுடைய தகப்பனாரின் பெயரில் உள்ள காணிகளுக்கும் நாளை இதே கேள்வி வரும். அப்போது உங்கள் சத்தியக்கடதாசி அவர்களுக்குத் தேவைப்படும். ஒருவருக்கொருவர் எழுதிக்கொடுப்பதாகப் பேச்சைத் தொடங்குங்கள்.

நீங்களே ஒரு சத்தியக்கடதாசி முடித்துக் கொடுத்தால் போதும் என்று சிலர் ஆலோசனை சொல்லக் கூடும். சமாதான நீதவான் முன்னிலையில் நீங்கள் சொல்வது உங்கள் சொல் மட்டுமே. அதை வேறு ஆவணங்கள் தாங்கி நின்றால்தான் அதற்கு வலு உண்டு. கிராம உத்தியோகத்தரின் கடிதமும் அப்படித்தான். அது ஆளைப் பற்றிய உறுதிப்படுத்தலுக்கு உதவும், காணி உரித்துக்கு உதவாது. இருவரையும் நேரில் அறிந்த, வயதில் மூத்த, இந்தக் காணியில் பங்கில்லாத ஒருவருடைய சத்தியக்கடதாசி உங்களுடையதைவிடப் பெறுமதியானது. அப்படி ஒருவர் ஊரில் இருந்தால் காலம் தாழ்த்தாமல் அவரைப் போய்ப் பாருங்கள். தகப்பனார் மரணசாதனம் (உயில்) எழுதாமல் இறந்திருந்தால் காணி உங்களுக்கும் உங்கள் தாயாருக்கும் சகோதரர்களுக்கும் எவ்வாறு இறங்கும் என்பது யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமையின் கீழ் தனியாகப் பார்க்க வேண்டிய விடயம். அதற்கு உங்கள் சட்டத்தரணியிடம் முழு விவரமும் கொடுங்கள்.

ஊர்ப் பெயரைப் பற்றியும் ஒரு சொல். புதிய உறுதியில் 'கொக்குவில்' என்று மட்டும் எழுத விடாதீர்கள். மட்டக்களப்பிலும் ஒரு கொக்குவில் உண்டு. புதுக்குடியிருப்பு முல்லைத்தீவிலும் உண்டு, மட்டக்களப்பிலும் உண்டு. முகத்துவாரம் என்றால் கொழும்பு 15இல் இருப்பவர் ஒன்றை நினைப்பார், மட்டக்களப்பில் இருப்பவர் இன்னொன்றை நினைப்பார். கொழும்பு கோட்டையையும் ஸ்ரீ ஜயவர்தனபுர கோட்டேயையும் ஓரெழுத்துத்தான் பிரிக்கிறது. கடிதங்கள் மாறிப் போவதற்கு அது போதும். பழைய உறுதிகளில் மாவட்டமும் பிரிவும் கோயிற்பற்று என்ற பழைய நிர்வாகப் பிரிவும் எழுதியிருப்பார்கள். இன்றைய உறுதியில் யாழ்ப்பாண மாவட்டம், நல்லூர் பிரதேச செயலாளர் பிரிவு, கிராம உத்தியோகத்தர் பிரிவின் பெயரும் இலக்கமும் என்று எழுதுவியுங்கள். நல்லூர் என்ற பெயரில்கூட பூநகரியில் ஓர் ஊர் இருப்பதால் மாவட்டத்தை விட்டுவிடக் கூடாது.

உங்கள் கொழும்பு முகவரிக்கும் இதே கவனம் வேண்டும். ஸ்டேஷன் ரோட் வெள்ளவத்தையிலும் உண்டு, பம்பலப்பிட்டியிலும் உண்டு, தெஹிவளையிலும் உண்டு. காலி வீதி ஒன்றே என்றாலும் அதன் வீட்டிலக்கங்கள் கொள்ளுப்பிட்டியில் ஒரு வரிசை, பம்பலப்பிட்டியில் ஒரு வரிசை, வெள்ளவத்தையில் ஒரு வரிசை; தெஹிவளை எல்லையைத் தாண்டினால் வேறு மாநகர சபை, மறுபடியும் புதிய வரிசை. யாழ்ப்பாணத்தில் கண்டி வீதி இருக்கிறது, வவுனியாவில் இருக்கிறது, கிரிபத்கொடையிலும் இருக்கிறது. நீதிமன்ற அறிவித்தல் ஒன்று தவறான வாசலுக்குப் போய், உரியவர் தோன்றாமலே வழக்கு முன்னேறிவிட்டால் அதைத் திருப்புவது பெரும்பாடு. வரிமதிப்பு இலக்கத்தோடு கொழும்பு 06 என்ற வலய எண்ணையும் எப்போதும் எழுதுங்கள்.

உங்கள் சொந்த ஆவணங்களைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். மணமான பின் கணவரின் பெயரைச் சேர்த்துக்கொள்வது இங்கே பரவலான வழக்கம். பிறப்புச் சான்றிதழையும் விவாகச் சான்றிதழையும் சேர்த்து வைத்தால் இரண்டு பெயர்களும் ஒருவருடையதே என்பது புலப்படும். ஆங்கில எழுத்து வேறுபாடுதான் சற்றுத் தொல்லை தரும். ஓரிடத்தில் 'எச்' சேர்த்தும் ஓரிடத்தில் சேர்க்காமலும் எழுதினால் கணினி அதை இரண்டு ஆட்களாகவே பார்க்கும். அடையாள அட்டையில் உள்ள எழுத்துகளை அடிப்படையாகக் கொண்டு, அடுத்த முறை கடவுச்சீட்டைப் புதுப்பிக்கும்போது அதோடு பொருந்தச் செய்யுங்கள். அதுவரை, இரு வடிவங்களையும் குறிப்பிட்டு இரண்டும் நானே என்று ஒரு சத்தியக்கடதாசி முடித்து வையுங்கள். காணி உறுதியில் உங்கள் பெயர் வரும்போது பிறப்புப் பெயரையும் இப்போதைய பெயரையும் 'எனவும் அழைக்கப்படும்' என்ற சொற்களோடு சேர்த்து, அடையாள அட்டை இலக்கத்தையும் எழுதுவியுங்கள். உங்கள் பிள்ளைகள் பின்னர் உங்களைப் போல் தேடி அலைய வேண்டி வராது.

இனி மகனின் பெயர். உங்கள் கணவர் வீட்டாரின் அச்சத்தை நான் மதிக்கிறேன்; ஆனால் சட்டத்தரணியாகவும் ஒரு தகப்பனாகவும் என் அபிப்பிராயம் உங்கள் பக்கமே. தாய்வழிப் பாட்டனாரின் பெயரைப் பிள்ளைக்கு வைக்கச் சட்டத்தில் எந்தத் தடையும் இல்லை. இதுவரை நான் சொன்னவற்றிலிருந்து, உங்களுக்கு வந்த தொல்லைக்குக் காரணம் அந்தப் பெயர் இரு வீடுகளில் இருந்ததல்ல என்பதைக் காண்பீர்கள். 1969இல் பெயரைச் சுருக்கி எழுதினார்கள். அதற்குப் பின் இத்தனை ஆண்டுகள் எவரும் ஆவணங்களைச் சேர்த்து வைக்கவில்லை. உங்கள் மகனுக்கு இன்று பிறப்புப் பதிவு இருக்கிறது, அதில் தாய் தகப்பன் இருவருடைய முழுப்பெயரும் இருக்கும், பின்னர் அவனுக்கென்று ஓர் அடையாள எண்ணும் வரும். பாட்டனாரோடு அவனை எவரும் மாற்றிக்கொள்ள முடியாது.

ஆயினும் சில விடயங்களில் கவனமாக இருங்கள். உங்கள் கணவரின் பெயர் எந்த எழுத்தில் தொடங்குகிறது என்று பாருங்கள். அது உங்கள் தகப்பனாரின் முதலெழுத்தாகவே அமைந்துவிட்டால், சுருக்கி எழுதும்போது பேரனும் பாட்டனாரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாகிவிடுவார்கள். அந்தக் குடும்பக் காணியில் அவனுக்கும் ஒருநாள் உரித்து வரக்கூடும் என்பதால் அது நல்லதல்ல. அப்படியிருந்தால் தகப்பனாரின் பெயரோடு இரண்டாவது பெயரொன்றையும் சேர்த்து வையுங்கள். கணவர் வீட்டாருக்கு விருப்பமான ஒரு பெயரைச் சேர்த்தால் அவர்களுடைய மனமும் நிறையும். பாடசாலையில் சேர்க்கும்போதும் பரீட்சை விண்ணப்பங்களிலும் முழுப்பெயரையே எழுதப் பழக்குங்கள். ஆங்கிலத்தில் எந்த எழுத்துகள் என்பதை நீங்களும் கணவரும் இப்போதே முடிவுசெய்து எழுதி வையுங்கள். பதிவாளர் சிங்களத்தில் எழுதுவாராயின் கைச்சாத்திடுமுன் அதை வாசிக்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டி, ஒவ்வோர் எழுத்தும் சரியா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அந்த மேசையில் செலவிடும் ஐந்து நிமிடம், பின்னர் திருத்தத்துக்காக அலையும் பல மாதங்களை மிச்சப்படுத்தும்.

பிறப்பைப் பதிவதற்கான காலம் 42 நாள்கள். மூன்று வாரங்கள் கழிந்துவிட்டதால் அதில் பாதிதான் மீதமிருக்கிறது. ஆகவே காணி வேலையை ஒரு பக்கம் வைத்துவிட்டு, முதலில் பெயரைத் தீர்மானித்துப் பதிவாளரிடம் போங்கள். அதன் பிறகு தகப்பனாரின் விவாகச் சான்றிதழுக்கும், யாழ்ப்பாணக் காணிப் பதிவகத்தின் தேடல் பிரதிக்கும் விண்ணப்பியுங்கள். இவ்விரண்டும் கைக்கு வந்ததும் 1969ஆம் ஆண்டு உறுதியோடு சேர்த்து வாங்குபவரின் சட்டத்தரணியிடம் காட்டுங்கள். கனடாவிலிருந்து வரவேண்டிய சத்தியக்கடதாசிக்கு எந்தச் சொற்கள் தேவை என்பதையும் அவரிடமே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அவர் கேட்ட வாசகத்திலேயே அது வந்தால், மீண்டும் ஒருமுறை அனுப்பிவைக்க வேண்டியிராது.

இங்ஙனம்,
சட்டத்தரணியும் பிரசித்த நொத்தாரிசும்,
புதுக்கடை, கொழும்பு 12